கண்ணுக்குத் தெரியாத குடித்தனம்

திருப்பனந்தாளில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள். எண்பது வயது தாண்டிவிட்டது. மாமா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் உத்தியோகம். ரயில் வண்டி மாதிரி நீண்டு கிடக்கிற ஓட்டு வீட்டில் ஒண்டியாக இருந்துகொண்டு, தானே பொங்கி, தானே தின்று, ராத்திரி எட்டு மணிக்குத் தானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். "எங்களோடு வந்து இருங்களேன்" என்று யார் கூப்பிட்டாலும், "கொல்லையை யார் கூட்டுவா?" என்பாள். வருவதற்கு மனமில்லாமல் சொல்கிற சாக்கு என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாக்கு இல்லை. விடியற்காலையில் வாசலில் கோலம், பொழுது சாய்கிறபோது கொல்லையில் சருகு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவளுடைய நாள் நடக்கிறது. கோலத்துக்குப் பச்சரிசி மாவுதான். கடையில் விற்கிற கல்மாவை வாசலுக்குள் விடமாட்டாள். "எறும்பு வாயிலே கல்லைப் போடச் சொல்றியா?" என்பாள். சாயந்தரம் நீளத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு புங்க மரத்தடி, மாமரத்தடி, நுணா மரத்தடி எல்லாம் கூட்டிக் குவிப்பாள். காய்ந்த தென்னம்பாளையைக் கொளுத்திக் குவியலின் அடியில், காற்று வருகிற பக்கமாகச் செருகுவாள். பத்து நிமிஷத்தில் சருகு சாம்பலாகிவிடும். கொசுவுக்குப் புகை, பாம்பு அண்டாது, சாம்பல் வாழைக்கு. அந்தக் கொல்லையில் நல்ல பாம்பை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

ஐம்பது, அறுபது வருஷமாக நடந்துவருகிற இந்த ஒழுங்கில் நான் புகுந்து ஒரு குழப்பம் செய்துவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சென்ற மாசி மாதம் நான்கு நாள் அங்கே தங்கியிருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு பையன், விலங்கியலில் ஆராய்ச்சி செய்கிறவன், லீவுக்கு வந்திருந்தான். கதை எழுதுகிறவன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு என்னைப் பார்க்க வந்தான். ஆனால் வந்தவன் என் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தப் புங்க மரத்தடிச் சருகு ஒரு கூடை கிடைக்குமா?" என்று கேட்டான். அத்தை, "கூட்டி வேறே தரணுமா, அள்ளிக்கிட்டுப் போவியா?" என்றாள்.

அவன் கொண்டுவந்த கருவியைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலைப் பெரிதாக்கினது போல ஒரு தகரப் புனல். அதன் மேல்வாயில் ஒரு கம்பி வலை. வலையின்மேல் சருகு. சருகுக்கு மேலே ஒரு மின்சார பல்பு. புனலின் கீழ்மூக்கில் ஒரு சின்ன சீசா. அதில் கொஞ்சம் சாராயம். அவ்வளவுதான். 1905-ஆம் வருஷத்தில் அந்தோனியோ பெர்லேசே என்ற இத்தாலியர் இந்த யுக்தியைக் கண்டுபிடித்தாராம். அவர் வெந்நீரின் சூட்டைப் பயன்படுத்தினார். 1918-இல் துல்கிரேன் என்ற ஸ்வீடன் தேசத்துக்காரர் அதற்குப் பதில் விளக்கை வைத்தார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் உலகம் முழுவதும் காட்டுச் சருகை ஆராய்கிறவர்கள் இந்தப் புனலைத்தான் நம்பியிருக்கிறார்கள். விளக்கின் சூட்டில் சருகு மேலிருந்து கீழாக மெல்லக் காய்கிறது. உள்ளே இருக்கிற ஜந்துக்கள் வெளிச்சத்துக்கும் உலர்ச்சிக்கும் பயந்து, ஈரத்தைத் தேடி இறங்கிக்கொண்டே போகின்றன. இறங்க இறங்க நல்லது என்பது அவற்றின் கோடி வருஷத்து அனுபவம். இறங்கின இடத்தில் சாராயம் இருக்கிறது.

பிழைப்பதற்காகச் செய்கிற காரியமே சாவுக்கு வழியாகிற இந்த ஏற்பாட்டை மறுநாள் காலையில்தான் அவன் எனக்கு விளக்கினான். ராத்திரி முழுவதும் கூடத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அத்தை, "மின்சாரக் கட்டணம் யாரு கட்டறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

காலையில் சீசாவின் அடியில் தூசி படிந்த மாதிரி இருந்தது. பையன் ஒரு துளி எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து, "பாருங்க சார்" என்றான்.

நான் கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன். அதிலும் தவளையை அறுக்கிற அன்றைக்கு மட்டம் போட்டவன். ஆகவே நான் கண்டதைச் சாஸ்திர ரீதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மிளகைப் பல மடங்கு சுருக்கி, அதற்கு எட்டுக் கால் வைத்தாற்போல ஒன்று. பளபளவென்று ஈட்டி மரத்தில் கடைந்தெடுத்த சிமிழ் மாதிரி ஒன்று. அது ஆபத்து வந்தால் முன்பாகத்தை மடக்கி உடம்பைப் பெட்டி மாதிரி மூடிக்கொண்டுவிடுமாம். பால் நிறத்தில், நீண்ட ரோமங்களுடன் ஒன்று. அடுத்ததைப் பிடித்துத் தின்பதற்கென்றே முன்னால் இடுக்கி வைத்துக்கொண்டு ஒன்று. பெரியது என்று அவன் காட்டியதே அரை மில்லிமீட்டர்தான். எல்லாவற்றுக்கும் எட்டுக் கால். பூச்சி இனமே அல்ல, சிலந்திக்கு உறவு.

இவற்றை எல்லாம் சேர்த்துச் சொல்ல நம்மிடம் பொதுவாக ஒரு பெயர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டைக் கடிப்பவற்றை உண்ணி என்கிறோம். தேயிலையில் வருவது செம்பேன். பயிரில் வந்தால் வேளாண்மைத் துறையார் சிலந்திப்பேன் என்று எழுதுகிறார்கள். தோலுக்குள் புகுந்து சொறி உண்டாக்குவது சொறிப்பூச்சி. முதல் மழை விழுந்ததும் செம்மண்ணில் சிவப்பு வெல்வெட்டுத் துண்டுகள் போல ஓடுமே, தம்பலப்பூச்சி, அதுவும் இந்த ஜாதிதான். சின்ன வயதில் வல்லத்துச் செம்மண்ணில் அதைப் பொறுக்கித் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். சங்கப் புலவர்கள் அதற்கு மூதாய் என்று பெயர் வைத்து முல்லை நிலத்துப் பாட்டுகளில் ஓடவிட்டிருக்கிறார்கள். ஆக, நமக்குத் தொல்லை கொடுத்தவற்றுக்கும், அழகாக இருந்தவற்றுக்கும் பெயர் வைத்தோம். தொல்லையும் இல்லை, அழகும் கண்ணில் படவில்லை என்கிற மற்ற ஆயிரமாயிரத்துக்குப் பெயர் இல்லை.

ஆயிரமாயிரம் என்றது மிகையல்ல. இதுவரை பெயர் சூட்டியவை மட்டும் 50,000 வகைகளுக்கு மேல். பெயர் சூட்டாதவற்றையும் சேர்த்தால் 5 லட்சம் இருக்கும் என்பாரும் உண்டு, 10 லட்சம் என்பாரும் உண்டு. 40 கோடி வருஷத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்துக் கல்லில் இவற்றின் உருவம் இருக்கிறது. மனிதனுடைய வம்ச சரித்திரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேற்றுக் குடிவந்தவன் வீட்டுக்காரனிடம் பட்டா கேட்கிற கதைதான்.

அகன்ற இலை மரங்கள் அடர்ந்த காடுகளில் இவை நன்றாகச் செழிக்கின்றன. ஏன் என்று கேட்டேன். பையன் கொல்லையில் உட்கார்ந்து சருகை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினான். மேலே நேற்று விழுந்த இலை, முழுசாக, மொடமொடவென்று. அதற்குக் கீழே போன மாதத்து இலை. பூஞ்சணம் பற்றி நரம்பு தெரிகிறது. அதற்கும் கீழே இலையா மண்ணா என்று சொல்ல முடியாத கறுப்பு. ஒவ்வோர் அடுக்கிலும் வேறு வேறு குடிகள். புங்க இலை சீக்கிரம் மக்கும், மா இலை தாமதமாக மக்கும். அதற்கேற்ப வேறு குடிகள். பட்டையின் வெடிப்பில் வேறு, மரப்பொந்தில் தேங்கிய மண்ணில் வேறு, பாசியில் வேறு. ஒரு கொல்லையிலேயே இப்படி என்றால், நூறு வகை மரம் தோளோடு தோள் உரசி நிற்கிற மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் எப்படி இருக்கும்! இலையை மண்ணாக்குகிற பெரிய வேலையைக் கரையானும் மண்புழுவும் கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்களும் செய்கின்றன. இவை செய்வது சில்லறை வேலை. கடிப்பது, பொடிப்பது, பூஞ்சணத்தை மேய்வது, அதன் விதைத்தூளை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது. ஆனால் சில்லறை இல்லாமல் எந்தக் கடைதான் நடக்கிறது?

ஏறக்குறைய ஒரே உணவைத் தின்று, ஒரே இருட்டில், ஒரு சாண் ஆழத்துக்குள் இத்தனை வகைகள் ஒன்றையொன்று துரத்திவிடாமல் எப்படி இருக்கின்றன என்பது விஞ்ஞானிகளுக்கே ஒரு விடுகதையாம். 1975-இல் ஆண்டர்சன் என்ற ஆங்கிலேயர் அதைப் புதிர் என்றே குறிப்பிட்டு எழுதினார். நான்கு பங்காளிகள் ஒரு கிணற்றுக்கு முறை வைத்துத் தண்ணீர் இறைக்க முடியாமல் கும்பகோணம் கோர்ட்டுக்கு நடையாய் நடக்கிற ஜில்லாக்காரனுக்கு அது புதிராகத்தான் இருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும் விட ஆச்சரியம் தந்தது வேறொன்று. நுணாவுக்கு நெருங்கிய உறவான காப்பிச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால், நடு நரம்பிலிருந்து கிளை நரம்பு பிரிகிற கக்கத்தில் ஊசி முனை அளவு ஒரு குழி இருக்கும். வேறு பல மரங்களில் குழிக்குப் பதில் ஒரு குஞ்சம் ரோமம். 1887-இல் லுண்ட்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி இவற்றுக்குச் 'சிறு வீடுகள்' என்ற பொருளில் பெயர் வைத்தார். வீடுதான். இந்த எட்டுக்கால் பிராணிகள் பகலில் அதில் தங்குகின்றன, முட்டையிடுகின்றன. வெளியே வந்து இலைமேல் படிகிற பூஞ்சணத்தை மேய்கின்றன, இலையைக் கெடுக்கிற தம் இனத்துத் துஷ்டர்களையும் தின்கின்றன. குடியிருப்பவன் வாடகைக்குப் பதில் வீட்டைச் சுத்தம் செய்கிறான். ஆஸ்திரேலியாவில் 4 கோடி வருஷத்துக்கு முந்தைய கல்லாய்ப் போன இலையிலேயே இந்த வீடும், உள்ளே குடித்தனக்காரனும் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தவர். மரத்துக்குத் தொடு உணர்வு ஒன்றே. கரையானுக்கும் எறும்புக்கும் தொடுதல், சுவை, மோப்பம் என்று மூன்று. சருகில் வாழும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கண் கிடையாது, காது கிடையாது. ரோமத்தால் தடவியும் மோந்தும் வாழ்கின்றன. ஆகவே எறும்பின் வரிசையில், மூன்றறிவு. ஓரறிவு உள்ள மரம் மூன்றறிவு உள்ளதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. ஆறறிவு உள்ளவன் காப்பியை மட்டும் குடிக்கிறான். (கும்பகோணத்துக் காப்பியைக் குடிக்கும்போது இது எனக்கு ஞாபகம் வருகிறது. குடிப்பதை நிறுத்தவில்லை.)

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கதைக்காரனுக்கு நாக்கு நீளம். அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"தென்னை மரத்திலே வந்து காயெல்லாம் சொறி புடிச்சுச் சுருங்கிப் போச்சே, அந்த ஜாதியா?"

அந்த ஜாதிதான். மெக்ஸிகோ தேசத்துத் தேங்காயிலிருந்து 1965-இல் கண்டு பெயரிட்டது, 1998-இல் கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் தலைகாட்டி, அதே வருஷம் தமிழ்நாட்டிலும் புகுந்துவிட்டது. காவேரிக் கரைத் தென்னைகளெல்லாம் பட்ட பாடு ஊருக்குத் தெரியும். அத்தையும் வேப்பெண்ணெயும் பூண்டும் கரைத்து, ஆள் வைத்து, குருத்தில் தெளித்துப் பார்த்தவள்தான். காட்டில் உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவருகிறதும் இதே குலத்துக் குஞ்சுகள்தான். புங்க இலையில் பரு மாதிரி முளை முளையாக இருக்கிறதே, அதுவும் இவர்கள் கைவரிசை. ஒவ்வொரு முளைக்குள்ளும் ஒரு கூட்டம், நான்கே கால்களோடு, புழு மாதிரி, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தப் பருக்குடிகள் பெரும்பாலும் ஒரு மரத்தை நம்பி ஒரு வகை என்று இருப்பவை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மோகனசுந்தரம் என்பவர் தென்னாட்டு மரங்களின் இலைகளைப் புரட்டிப் புரட்டியே இவற்றில் பல புதிய வகைகளை உலகத்துக்குச் சொன்னார்.

"நம்ம மூஞ்சியிலேயே இருக்கிறதாம், அத்தை. மூக்கு ஓரத்திலே, மயிர்க்காலுக்குள்ளே. பெரியவர்களாக வளர்ந்தவர்களில் அநேகமாக எல்லாருக்கும் உண்டாம். நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்."

அத்தை கரண்டியை வைத்துவிட்டு மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப நான் ஒண்டிக்கட்டை இல்லேன்னு சொல்லு."

அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் மேலே போனேன். "அது மட்டுமா? தினம் சாயந்தரம் கொளுத்துகிறீர்களே, அந்தச் சருகிலே ஒரு கைப்பிடியிலே எத்தனை உயிர் என்று நினைக்கிறீர்கள்?" என்று சீசாவைக் கொண்டுவந்து காட்டினேன். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதெல்லாம் செத்துப் போச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"நான் நெருப்பிலே போடறேன், அவன் சாராயத்திலே போடறான். ரெண்டு பேரிலே யாருக்குக் கூடப் பாவம்?"

வேடிக்கையாகத்தான் கேட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அன்று சாயந்தரம் துடைப்பம் மூலையிலேயே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ராத்திரி திண்ணையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளா கொளுத்தறேன். எறும்புக்குக் கோலம் போட்ட புண்ணியம் ஒரு தட்டு, இது ஒரு தட்டுன்னா, எது இறங்கும்?"

நான் எழுதுகிற கதைகளில் இம்மாதிரிக் கேள்வியை யாராவது கேட்டால், பதில் சொல்கிற பாத்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருப்பேன். அன்றைக்கு அப்படி யாரும் வரவில்லை.

தெரியாமல் செய்தது பாவமா என்பது பழைய கேள்வி. நம் பெரியவர்கள் அதைக் கேட்காமல் விட்டவர்கள் அல்ல. மனு ஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம், இல்லறத்தானுடைய வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாகச் சொல்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்ப் பானை. துடைப்பமும் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். உருப்பெருக்கி இல்லாத காலத்தில் யாரோ ஒருவர் துடைப்பத்தைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறார். இதற்குப் பரிகாரமாக ஐந்து யக்ஞங்கள்; அவற்றில் ஒன்று பிராணிகளுக்கு உணவிடுவது. வாசலில் அரிசி மாவுக் கோலம் அந்தப் பரிகாரத்தின் பெண்பால் வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே காலையில் கோலம், மாலையில் துடைப்பம் என்பது அத்தையின் முரண்பாடு அல்ல; வரவும் செலவும். இதை அவளிடம் சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் எனக்கே ஓர் ஐயம். கடன் பட்டது ஒருவனிடம், வட்டி கட்டுவது இன்னொருவனிடம். எறும்பு தின்ற அரிசிக்காகச் சருகில் இருந்தது ஏன் கணக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும்?

ஜைனர்கள் இந்த இடத்தில் இன்னும் கடுமையாக இருந்தார்கள். நம் ஜில்லாக்களிலும் கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி என்று அவர்கள் குடும்பங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கணக்கற்றவை, எங்கும் நிறைந்தவை என்று அவர்கள் சாஸ்திரம் சொன்னது. அதனால் விளக்கு வைத்த பிறகு சாப்பாடு இல்லை, துறவி உட்காருமுன் மயிற்பீலியால் இடத்தைத் தடவிவிட்டு உட்காருவான். நினைக்க நினைக்க மரியாதை உண்டாகிறது. ஆனால் அதன் கடைசி எல்லை உண்ணாமலே உயிர் விடுவது. திருப்பனந்தாளில் தனியாகக் குடித்தனம் நடத்துகிற கிழவிக்கு அது வழியா?

1915-இல் ஆப்பிரிக்காவில் ஓகோவே நதியில் படகில் போகும்போது, உயிரிடம் பயபக்தி என்ற எண்ணம் ஆல்பர்ட் ஷ்வைட்ஸருக்கு உதித்தது. அவரோ வைத்தியர், கிருமிகளைக் கொல்வதே அவர் தொழில். அவசியத்துக்குக் கொல்வது வேறு, அலட்சியத்துக்குக் கொல்வது வேறு என்று அவர் கோடு போட்டார். நல்ல கோடு. ஆனால் கொல்லையில் பாம்பு வரும் என்பது அவசியமா, அலட்சியமா? பட்டணத்தில் நான்காவது மாடியில் இருக்கிற எனக்கு அதைத் தீர்மானிக்க என்ன யோக்கியதை?

பையனிடம் தனியாகக் கேட்டேன். "நீ இத்தனையைச் சாராயத்தில் போட்டுவிட்டாயே, உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?" அவன் யோசித்துவிட்டு, "ஒண்ணு ரெண்டு சாகறதுக்கு வருத்தம் இல்லை சார். அது நாளைக்கே பெருகிடும். ஒரு வகையே, பேர்கூட வைக்கறதுக்கு முன்னாடி போயிட்டா, அதுக்குத்தான் வருத்தம்" என்றான்.

இது வேறு கணக்கு. அத்தையுடையது தலைக் கணக்கு. ஒவ்வோர் உயிரும் ஓர் உயிர். இவனுடையது குலக் கணக்கு. அத்தைக்கு ஒரு எறும்பு நசுங்கினாலும் நெஞ்சு பதறும். ஆனால் ஒரு காடே போனால், அது எங்கேயோ போன காடு. இவனுக்கு ஆயிரம் செத்தாலும் கவலை இல்லை. கடைசி ஒன்று சாகக் கூடாது. தர்மம் எந்தக் கணக்கைப் பார்க்கிறது? நம் நீதி நூல்கள் எல்லாம் தலைக் கணக்குதான். கொல்லாமை என்றால் இந்த ஆட்டை, இந்தப் புழுவைக் கொல்லாமை. ஒரு குலம் முழுவதும் அற்றுப்போவது என்ற பாவத்துக்குப் பழைய புத்தகங்களில் பெயரே காணோம். அப்படி ஒன்று நடக்கக் கூடும் என்றே அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. திருவெண்காடு, திருமறைக்காடு, தலைச்சங்காடு, திருச்சாய்க்காடு என்று காவேரிக் கரை முழுவதும் ஊர்ப் பெயர்களில் காடு இருக்கிறது. போய்ப் பார்த்தால் வயல்தான் இருக்கிறது. காட்டில் எஞ்சிய ஒரே மரத்தை ஸ்தல விருட்சம் என்று பிராகாரத்தில் வைத்து, மஞ்சள் துணி சுற்றியிருக்கிறோம். கொஞ்சமாவது நிஜமான காடு பார்க்க வேண்டுமானால் கோடியக்கரைக்குப் போக வேண்டும். அங்கே உலக்கைப் பாலையும் நாவலும் அடர்ந்த வறண்ட பசுங்காடு ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. 1967-இல் அதைச் சரணாலயம் ஆக்கினார்கள், மானுக்காகவும் பறவைக்காகவும். அதன் சருகில் இருப்பவற்றுக்கு அது சரணாலயம் என்பது யாருக்கும் தோன்றியிருக்காது; ஆனாலும் காப்பாற்றப்பட்டன. காடாக இருந்து வயலாகிய ஊர்களில், அந்த மரங்களை நம்பி வாழ்ந்த குடிகள் எத்தனை வகை, எங்கே போயின? வெட்டினவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த நிலத்து நெல்லைத் தின்றுதான் என் பரம்பரை வளர்ந்தது.

திருப்பனந்தாள் கோயிலில் நுழையும்போதெல்லாம் குங்கிலியக் கலய நாயனார் கதை எனக்கு ஞாபகம் வரும். மாலை சாத்த வந்த தாடகை என்ற பக்தைக்கு ஆடை நெகிழ்ந்தபோது, அவள் வெட்கப்படாமல் இருக்க ஸ்வாமி தலையைச் சாய்த்துக்கொடுத்தார். பிறகு ராஜா யானை கட்டி இழுத்தும் நிமிரவில்லை. நாயனார் தம் கழுத்தில் கயிறு கட்டி இழுத்த பிறகு நிமிர்ந்தார். குங்கிலியம் போட்டுத் தூபம் காட்டுவதே அந்த நாயனாரின் தொண்டு. வெள்ளைக் குங்கிலியம் மேற்கு மலைக் காட்டில் நிற்கிற ஓர் அகன்ற இலை மரத்தின் பிசின். அந்தக் குடும்பத்து மரங்கள் 5 கோடி வருஷத்துக்கு முன் சிந்திய பிசின் குஜராத்தில் நிலக்கரியோடு கிடக்கிறது. அதற்குள் அன்றைய பூச்சிகளும் சிலந்திகளும் அப்படியே அகப்பட்டிருக்கின்றன. பனையும் நெல்லும் தவிர வேறு அறியாத இந்த ஊருக்குக் காடு வந்தது அந்தப் புகையாகத்தான். சாய்ந்துகொடுத்த ஸ்வாமியைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்: நிமிர்த்தாமல் அப்படியே விட்டிருக்கலாமே.

திண்ணைக்குத் திரும்பி வருகிறேன். அத்தை பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "புனலிலே பார்த்தீர்களே, அத்தை. மேலே சூடு பட்டதும் எல்லாம் கீழேதானே இறங்கின? நீங்கள் கொளுத்துகிறபோதும் அப்படித்தான். மண்ணுக்குள்ளே போய்விடும். கொஞ்சம்தான் சாகும்."

பையனும் பக்கத்தில் இருந்தான். அவன் என்னைப் பார்த்தான். புனலில் இறங்க அவற்றுக்கு ஒரு ராத்திரி முழுவதும் கிடைத்தது. அத்தையின் குவியல், கூட்டிக் கெட்டியான தரையில், பத்து நிமிஷத்தில் எரிந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"நிஜமாவா?"

"நிஜமாகத்தான்."

அவள் என்னையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

எண்பது வயது வரை ஒருவர் நிம்மதியாக வைத்திருந்த மனசில் உருப்பெருக்கியைக் கொண்டுபோய் வைத்தது சரியா என்று அன்று ராத்திரி புரண்டேன். உண்மை யாருக்கும் கெடுதல் செய்யாது என்று மேடையில் பேசியிருக்கிறேன். அவளிடம் நான் சொன்ன உண்மைக்கு அவசியம் என்ன இருந்தது? என் சாமர்த்தியத்தைக் காட்டிக்கொள்வதைத் தவிர ஒன்றும் இல்லை. சொன்ன பொய்க்காவது ஓர் அவசியம் இருந்தது. ஆனால் இன்னொன்றும் தோன்றியது: தெரியாமலே இருந்திருந்தால், 'ஒண்டிக்கட்டை இல்லை' என்று அவள் சிரித்த சிரிப்பும் இல்லாமல் போயிருக்கும். இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிறேன். முள் நிற்க மாட்டேன் என்கிறது.

பங்குனிக் கடைசியில் மறுபடி போனேன். புங்க மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் துளிர்த்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் ஒரு குழி. பாதிச் சருகை அதில் போட்டு மூடியிருந்தாள். "வாழைக்கு எருவாகும்" என்றாள், வேறு காரணம் எதுவும் இல்லாதவள் போல. மீதிச் சருகு வழக்கமான இடத்தில் குவிந்திருந்தது. முதல் நாள் பாம்பு தென்பட்டதாம். அடுத்த வீட்டுக்காரர் சத்தம் போட்டாராம்.

அன்று சாயந்தரம் ஒரு கழியை எடுத்துக்கொண்டு வந்து குவியலைச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். "போங்க, போங்க" என்றாள், மாட்டை ஓட்டுகிற குரலில்.

"அதுகளுக்குக் காது கிடையாதே, அத்தை."

"பாம்புக்குடா" என்றாள். கொஞ்ச நேரம் கழியை ஊன்றிக்கொண்டு நின்றாள். பிறகு தென்னம்பாளையைக் கொளுத்தினாள். அடியில் செருகவில்லை. குவியலின் உச்சியில் வைத்தாள். மேலிருந்து எரிந்தால் நேரம் பிடிக்கும். இருட்டுகிற வரையில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.